படித்த கடிதங்கள்: பூஜ்ஜியம்

செந்துறை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மருமகன் பூவரசனுக்கு உன் தாய்மாமன் செல்லமுத்து ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. சென்னையில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று நம் குலதெய்வத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அத்தை அம்மாக்கண்ணுவும் சுகம். திருமானூரில் உன் அம்மா சிந்தாமணியும் சுகம்தான், உன்னை நினைத்து அழும் நேரம் போக. முந்திரித் தோப்பு சுகம். என் வலது கைக் கட்டைவிரல் மட்டும் சுகமில்லை. அதற்குக் காரணம் நீ.

போன மாதக் கடைசியில் நீ போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "மாமா, நான் கதை எழுதுன வீடியோ கேம் வெளிய வந்துருச்சு. வாங்குனவங்கள்ல பாதிப் பேரு கதையே புரியலைன்னு திட்டி எழுதுறாங்க. எழுதுனவன் தப்புங்கறாரு மேனேஜரு. வெளையாடறவங்க கவனிக்கலைங்கறாங்க ஆபீஸ்ல என்கூட எழுதறவங்க. எனக்கே கொழப்பமா இருக்கு. நீங்க மொகத்துக்காகப் பேச மாட்டீங்க. வெளையாடிப் பாத்துட்டு, தப்பு என்மேலயா இல்லையான்னு ஒரு லெட்டர் போடுங்க. என்மேலன்னா அடுத்த வெள்ளிக்கெழமைக்கு அடுத்த வெள்ளி மீட்டிங்ல ராஜினாமாவக் குடுத்துட்டு ஊருக்கே வந்துடறேன். தோப்பப் பாத்துக்கறேன்" என்றாய். ராஜினாமாக் கடிதம் தயாராக மேசை இழுப்பறையில் இருக்கிறது என்றும் சொன்னாய். தாயக்கட்டையைத் தவிர வேறு விளையாட்டைத் தொட்டறியாத எனக்கு இது பெரிய பொறுப்பு. இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன். முப்பத்தாறு வருஷம் இந்தச் செந்துறையில் தபால்காரனாக இருந்தவன் நான். 'பெரிய மீசை, பிள்ளையார் கோயில் எதிரில்' என்று மட்டும் முகவரி எழுதி வந்த கார்டைக்கூடத் திருப்பி அனுப்பாமல், அந்த மீசையைத் தேடி மூன்று ஊருக்கு சைக்கிள் மிதித்துச் சேர்த்தவன். எடுத்த வேலையைப் பாதியில் விடுவது என் ஜாதகத்திலேயே கிடையாது. ஆகவே, முழுதும் விளையாடி முடித்த பிறகுதான் இந்தத் தீர்ப்பை எழுதுகிறேன் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்.

ஒரு விஷயம் மனதில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் தபால்காரன் என்று தெரிந்திருந்தும் அந்த லேப்டாப்பைக் கூரியரில் அனுப்பினாயே, அது நியாயமா? கொண்டுவந்த பையன் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போட்டு, "சார், உங்க வூட்டுக்கு ஏதாச்சும் லேண்ட்மார்க் சொல்லுங்க" என்று என்னிடம் கேட்கிறான். செந்துறையில் என்னிடம்! நான் அவனை நின்ற இடத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு நேரே போய், கூரியர்காரனுக்கு முகவரியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கால் மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டுப் பெட்டியை வாங்கிவந்தேன். அதைப் பிரித்து, வயரைச் சொருகி, கையில் பிடிக்கும் அந்தப் பொத்தான் கருவியை மாட்டிக் கொடுத்தது முத்தமிழ்செல்வன். நம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் இப்போது இருக்கிறவன், தங்கமான பிள்ளை. "ஐயா, இடது கட்டவிரல்ல நடக்கணும், வலது கட்டவிரல்ல பாக்கணும்" என்று சொல்லிக் கொடுத்தான். அறுபத்தாறு வயசு வரைக்கும் காலால் நடந்து கண்ணால் பார்த்தவனுக்கு இது எவ்வளவு சிரமம் என்று உன் மேனேஜருக்குத் தெரியுமா?

சரி, கதைக்கு வருகிறேன். நெடுமதகு என்று ஒரு ஊர். இளவஞ்சி என்று ஒரு பெண், பதினாறு வயசிருக்கும், பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். ஊரில் ஈ காக்கை இல்லை. வீடெல்லாம் திறந்து கிடக்கிறது, அடுப்பில் பானை அப்படியே இருக்கிறது, ஒரு பெரிய ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நொண்டிக்கால் மனுஷன் அந்தப் பெண்ணைப் பார்த்தால் கையை ஆட்டிக்கொண்டே வருகிறான். இவ்வளவுதான் கதை. பதினோரு நாளும் இவ்வளவுதான். ஊர்க்காரர்கள் எங்கே போனார்கள்? தெரியாது. இளவஞ்சி யார் வீட்டுப் பெண், எதற்கு வந்தாள்? தெரியாது. அரிக்கேன்காரன் யார், திருடனா, பைத்தியமா? தெரியாது. அவனைக் கண்டாலே நான் ஓட்டம் பிடித்தேன். ஓடுகிற அவசரத்தில் இளவஞ்சி ஏழு தடவை கிணற்றில் விழுந்தாள். நாலாவது தடவை விழுந்தபோது வாசலிலிருந்து உன் அத்தை, "ஏங்க, பால் பொங்குது பாருங்க" என்று கூப்பிட்டாள். நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "சும்மா இரு, ஒரு பொண்ணு கெணத்துல கெடக்குது" என்று கத்திவிட்டேன். அவ்வளவுதான், உன் அத்தை வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓட, எதிர்வீட்டு முருகையனும் அவன் மச்சான்மார் இரண்டு பேரும் கயிற்றோடு கொல்லைப்பக்கம் வர, அதில் ஒருவன் பாதிக் கிணறு வரை இறங்கியே விட்டான். அவனை மேலே ஏற்றி, காப்பி கொடுத்து, இளவஞ்சி யார் என்று விளக்குவதற்குள் பாலும் போய் மானமும் போய்விட்டது. முருகையன் இன்றைக்கும் தெருவில் பார்த்தால், "அந்தப் பொண்ணு கரையேறிடுச்சா?" என்று கேட்கிறான்.

இதையெல்லாம் மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் தபால் போட்டிருக்கும் லட்சணம்! வீட்டுக்கு வீடு கடிதம் கிடக்கிறது. பரணில் ஒன்று, உரலுக்கடியில் ஒன்று, மாட்டுக் கொட்டகையில் ஒன்று, ஏரிக்கரை மரப்பொந்தில் ஒன்று. முத்துசாமிக்கு வந்த கடிதம் ராஜராஜன் வீட்டுத் தொட்டியில் மிதக்கிறது. எந்தத் தபால்காரன் இப்படிப் பட்டுவாடா செய்தான்? அவனை நான் சும்மா விடுவேனா? பக்கத்தில் போனால் 'படி' என்று ஒரு கட்டமும் 'பையில் வை' என்று ஒரு கட்டமும் திரையில் வருகிறது. நான் 'பையில் வை'யை அமுக்கினேன். ஒவ்வொரு தடவையும் அதைத்தான் அமுக்கினேன். பிறகு வாசல் பலகையில் பெயரைப் பார்த்துப் பார்த்து, உரியவர் வீட்டு வாசற்படியில் இறக்கி வைத்தேன். மொத்தம் நாற்பத்தேழு கடிதங்கள். இளவஞ்சிக்கு ஒன்றுகூட இல்லை, பாவம். கடைசிக் கடிதத்தின் உறையில் 'தபால்காரர், நெடுமதகு' என்று மட்டும் இருந்தது. அந்த ஊரில்தான் தபால்காரனே இல்லையே, அதைப் பூட்டிக் கிடந்த தபால் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ஏழு நாள் இந்த வேலைக்கே சரியாகப் போனது. ஒன்றையும் பிரிக்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்தவர் தபாலைப் பிரிக்காத கை இது. உனக்குத் தெரியாததா? என் பணி ஓய்வு விழாவில் நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுத்தீங்களே மாமா, உங்களுக்குன்னு யாராச்சும் ஒரு லெட்டராவது எழுதுனாங்களா?" என்று கேட்டாய். நான், "பென்ஷன் ஆர்டர் வந்துச்சேடா" என்றேன். பந்தலே சிரித்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. இவனுக்கு நகைச்சுவை கொஞ்சம் மட்டு, எழுத்து வேலைக்கு லாயக்குப்படுவானா என்று அன்றைக்கே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஒன்பதாம் நாள் திருமானூரில் உன் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. போகாமல் இருந்தால் உன் அம்மா பேச மாட்டாள், விளையாட்டை விட்டால் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது. ஆகையால் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே விளையாடிக்கொண்டு போனேன். அரியலூரில் பஸ் மாறி உட்கார்ந்ததும் பாதி பஸ் என் பின்னால் வந்து நின்றுவிட்டது. முருங்கைக்காய்க் கட்டோடு பின்சீட்டில் இருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "ஏங்க, அந்த வெளக்குக்காரரு தொரத்தலைங்க. அந்தப் பக்கம் போவாதன்னு கூப்புடறாரு. பாத்தா பெத்த அப்பன் மாரி இருக்கு" என்றாள். "அம்மா, பதினோரு மணி வெயில்ல அரிக்கேன் விளக்கோட எந்த அப்பன் வருவான்?" என்று கேட்டேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரும் குனிந்து பார்த்தார்.

"சார், கீழ ஒரு லெட்டர் கெடக்குது பாருங்க. அதப் பிரிச்சாத் தெரிஞ்சுடும் சார்."

"அது முத்துசாமி பேருக்கு வந்த லெட்டரு. நீங்க முத்துசாமியா?"

"இல்லைங்க."

"நான் முத்துசாமியா?"

"வெளையாட்டுதானே சார்."

"இன்னிக்கு வெளையாட்டுல பிரிப்பீங்க, நாளைக்கு நெசத்துல பிரிப்பீங்க. டிக்கெட்டக் கிழிங்க."

அதற்குள் எதிரே ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்து டிரைவர் பிரேக்கைப் போட, என் கட்டைவிரல் நழுவ, இளவஞ்சி நேரே ஏரிக்குள் போய்விட்டாள். பஸ் முழுக்க "ஐயய்யோ" என்றது. முருங்கைக்காய் அம்மாள் இறங்கும்போதுகூட, "அது அப்பன்தாங்க, நான் சொல்றேன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். விவரம் தெரியாதவர்கள் அப்படித்தான் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

காதுகுத்தில் உன் அம்மா என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, புரிஞ்சுதுன்னு ஒரு வரி எழுதிப்புடுண்ணே. அந்த வேலைன்னா அவனுக்கு உசுரு. தோப்புல வந்து ஒக்காந்தா அவன் நல்லா இருக்க மாட்டான்" என்று அழுதாள். ஆனால் என்னால் முடியாது பூவரசா. நான் முகத்துக்காகப் பேச மாட்டேன் என்றுதானே என்னிடம் கேட்டாய்? தங்கச்சி அழுகிறாள் என்று பொய் எழுதினால், நீ கேட்ட மாமனிடமிருந்து பதில் வந்ததாக ஆகாது. அவளிடம் "உள்ளதத்தான் எழுதுவேன்" என்று சொல்லிவிட்டு, காதுகுத்து விருந்தைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன்.

நேற்றுப் பகல் விளையாட்டு முடிந்தது. அரிக்கேன்காரன் மதகு மேல் ஏறி நின்று எதையோ திருகிக்கொண்டிருந்தான், நான் அந்தச் சமயம் பார்த்து இளவஞ்சியை ஓடவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். தப்பித்தாள்! நானும் உன் அத்தையும் கை தட்டினோம். 'முற்றும்' என்று வந்தது. அதற்குக் கீழே, 'படித்த கடிதங்கள்: 0/47' என்றும் வந்தது. பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முப்பத்தாறு வருஷத்தில் இலாகா எனக்குக் கொடுக்காத நற்சான்றை ஒரு விளையாட்டு கொடுத்திருக்கிறது. முத்தமிழ்செல்வனை வரவழைத்து அதை போட்டோ எடுக்கச் சொன்னேன். அவன் திரையை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஐயா... ஒண்ணுமே படிக்கலீங்களா?" என்று இழுத்தான். "ஒண்ணுகூட இல்ல" என்றேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நேர்மை என்றால் ஆச்சரியமாகத்தான் இருக்கும். பிரேம் போட அரியலூருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

இனி தீர்ப்பு. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று விளையாடுகிறவர்களைச் சொல்லிவிட்டு நீ தப்பிக்கப் பார்க்கலாம். அது என்னிடம் செல்லாது. நான் ஆடத் தெரிந்துகொண்டு, கிணறு, ஏரி, பஸ் எல்லாம் பார்த்து, ஒரு வீடு விடாமல் நுழைந்து, முடிவு வரை ஆடியவன். எனக்கே புரியவில்லை. முகவரியை அரைகுறையாக எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, போய்ச் சேரவில்லையே என்று தபால்காரனைத் திட்டினால் ஒப்புக்கொள்வார்களா? கதையும் அப்படித்தான். சேரவில்லை என்றால் எழுதியவன் பொறுப்பு. யார், யாருக்கு என்ன உறவு, ஏன் ஓடுகிறார்கள் என்று ஒரு இடத்திலாவது நீ எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. எனவே தப்பு முழுக்க உன்னுடையது என்று மிகுந்த மனவருத்தத்துடன், ஆனால் உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறேன். ராஜினாமா செய்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நீ வந்தால் தங்க, இங்கே ஓர் அறையை ஒழித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். வருகிறாய் என்று நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இல்லை, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

உனக்கு எல்லா நலமும் பெருகட்டும். உன் அத்தை திருநீறு வைத்து அனுப்பச் சொன்னாள், உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். உன் ஆபீஸ் தோழர்களுக்கு என் விசாரிப்பைச் சொல். மேனேஜருக்கு வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமன்,
சி. செல்லமுத்து,
தபால்காரர் (ஓய்வு).

பின்குறிப்பு: இதைத் தபால் ஆபீஸில் நின்றுகொண்டு, நூல் கட்டிய பேனாவால் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உறையை வீட்டிலேயே ஒட்டி, முகவரி எழுதி, இங்கே வந்து முத்தமிழ்செல்வனோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, ஸ்பீட் போஸ்டுக்கு நீட்டப் போகும்போது உன் அத்தை போன் போட்டாள். தேம்பித் தேம்பி அழுகிறாள்.

"ஏங்க, தபாலக் குடுத்துட்டீங்களா?"

"குடுக்கப் போறேன். ஏன்?"

"குடுக்காதீங்க! அந்த வெளக்கு மனுசன் அவளப் பெத்த அப்பாருங்க!"

"யாரு சொன்னா?"

"லெட்டர்ல போட்டுருக்குங்க."

"யாரு வூட்டு லெட்டரப் பிரிச்ச?"

"எல்லார் வூட்டுதுந்தான்."

நான் வெளியே வந்ததும், லேப்டாப் சும்மா கிடக்கிறதே என்று எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முடிந்த பிறகும் விளையாட்டு அந்த ஊருக்குள் நடக்க விடுகிறதாம். நான் ஏழு நாள் அலைந்து வாசல் வாசலாகச் சேர்த்து வைத்திருந்தேன் அல்லவா, இவள் தேடவே வேண்டியிருக்கவில்லை, வரிசையாகப் போய் ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறாள். ஏரிக்கரை உடையப் போகிறது, மேட்டுக்குப் போய்விடுங்கள் என்று வீட்டுக்கு வீடு எழுதிப் போட்டு ஊரைக் காப்பாற்றியது அந்த அரிக்கேன்காரர்தானாம். மகள் வெளியூரில் படித்ததால் அவளுக்கு மட்டும் செய்தி எட்டவில்லையாம். மதகைத் திறக்க அவர் தனியாக நின்றுவிட்டாராம். நான் பதினோரு நாளும் பெற்ற தகப்பனைக் கண்டு அந்தப் பெண்ணை ஓடவிட்டிருக்கிறேன். கடைசியில் கை வேறு தட்டினேன். முருங்கைக்காய் அம்மாள் எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை, மன்னிப்புக் கேட்க வழியில்லை.

ஆகையால் மேலே எழுதிய தீர்ப்பு செல்லாது. தப்பு எழுதியவன் மேல் இல்லை. ஆடத் தெரியாதவன் நான்தான். ராஜினாமாவை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கிழித்துப் போடு, மீட்டிங்கில் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டு. புரியாதவன் எப்படிப் புரியாமல் போனான் என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உன் மேனேஜருக்குக் கிடைக்க மாட்டான். அதனால்தான் பழையதைக் கிழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். ஒன்று மட்டும் மாற்று. முதல் கடிதத்தை இளவஞ்சி பெயருக்கு எழுது. தன் பெயருக்கு வந்ததை எவனும் பிரிப்பான், அடுத்ததையும் பிரிக்கலாம் போலிருக்கிறது என்று என்னைப் போன்ற மடையனுக்கும் தோன்றும்.

நாற்பத்தேழாவதையும் அத்தை பிரித்துவிட்டாள். போனிலேயே படித்துக் காட்டினாள். "தபால்காரர் மாமாவுக்கு, ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். உங்களுக்கென்று யாரும் எழுதவில்லை. இது உங்களுக்கு. தயவுசெய்து பிரித்துப் படியுங்கள்." பிரித்துப் படியுங்கள் என்பதை உறைக்கு உள்ளேயாடா எழுதுவார்கள்? அந்த ஒரு வரியில் உன் தப்பு உண்டு, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மற்றபடி கவுன்ட்டரில் நின்று அழுதேன். பென்ஷன் எடுக்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இந்தப் பின்குறிப்பை உள்ளே வைக்க, உன் பெயர் எழுதி நான் ஒட்டிய உறையை நானே பிரித்தேன். அடுத்தவர் பெயருக்குப் போகும் தபாலை நான் பிரித்தது இதுதான் முதல் தடவை. முத்தமிழ்செல்வன் பசை டப்பாவை என் பக்கம் நகர்த்திவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.